வன்னியில் வீட்டுக் கணினிக்கு ட்யூனர் காட்: எதை வாங்குவது?

ஒட்டுசுட்டான் வயல்காரன்:

வணக்கம். ரீவி நிகழ்ச்சியைக் கணினியில் எடுத்துப் பதியும் ட்யூனர் காட் ஒன்று வாங்கப் போகிறேன். காசைக் கொடுக்கும் முன் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

அப்பா கோயில்களில் தவில் வாசித்தவர். இப்போது கையில் பலம் இல்லை, கேட்பது மட்டும்தான். பொதிகை டிடி தமிழாக மாறிய பிறகும் அதில் வரும் கச்சேரிகளை விடமாட்டார். ஆனால் இரவு மாத்திரை போட்டால் எட்டு மணிக்கே தூங்கிவிடுவார். இந்தத் தை மாதம் திருவையாற்றில் பஞ்சரத்ன கீர்த்தனை பாடிய நேரம் நாங்கள் எல்லோரும் நெல் அருவி வெட்டில் நின்றோம். வீட்டில் ரீவிப் பெட்டியைப் போட்டுக்கொடுக்க ஆளில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கணினி தானாகப் பதிந்து வைத்தால் அவர் விரும்பிய நேரத்தில் கேட்பார்.

கணினி வவுனியாவில் வாங்கிய பழைய அலுவலகப் பெட்டி. ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜிபி நினைவகம், 500 ஜிபி வட்டு, விண்டோஸ் 10. ஒல்லியான பெட்டி, உள்ளே காட் பூட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம் இரண்டு சும்மா இருக்கிறது. கூரையில் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரத்தின் பக்கம் திருப்பிய அன்ரனாவும், இந்தியாவின் இலவசச் செய்மதிச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் எடுக்கும் 90 சதமமீற்றர் டிஷ்ஷும் உண்டு. இணையத்தில் இரண்டு ட்யூனர் உள்ள டிவிபி-டி2 யூஎஸ்பி குச்சி ஒன்றை மலிவாகப் பார்த்தேன். எல்லோரும் நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். வாங்கலாமா?

மாங்குளம் ரேடியோக்காரர்:

தம்பி, அதை வாங்க வேண்டாம். குச்சியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கூரைக்கு வராத சிக்னலுக்குச் செய்த பொருள் அது.

டிவிபி-டி2 என்பது ஐரோப்பாவில் ஓடும் தரைவழி டிஜிட்டல் முறை. நல்லது என்று எழுதியவர்கள் அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள். இலங்கை 2014ல் தேர்ந்தெடுத்தது ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையை. ஆனால் கொக்காவிலிலிருந்து உங்கள் அன்ரனாவுக்கு வரும் ரூபவாகினி, சக்தி, வசந்தம் எல்லாம் இன்னும் பழைய அனலொக் முறையான பால் (PAL) ஒளிபரப்புத்தான். அந்தக் குச்சியைக் குத்தி விடிய விடிய ஸ்கான் செய்தாலும் ஒரு சனலும் வராது. என்னிடம் திருத்தக் கொண்டுவந்த இரண்டு பேருக்கு இதே கதை. குச்சி பழுது என்று நினைத்துக்கொண்டு வந்தார்கள்.

முதலில் கூரையில் என்ன வருகிறது என்று பாருங்கள், பிறகு காட்டைத் தேடுங்கள். உங்களுக்கு வேண்டியது டிடி தமிழ் மட்டுமா, உள்ளூர்ச் சனலும் வேண்டுமா?

(கொக்காவில் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1990க்கு முன் அங்கே ரூபவாகினியின் கோபுரம் இருந்தது. சண்டையில் அது போன பிறகு, இப்போதுள்ள 170 மீற்றருக்கு மேல் உயரமான கோபுரம் 2011ல்தான் எழும்பியது. இடைப்பட்ட 20 வருடங்களும் பனை உயரத்துக்குக் குழாய் நட்டு அன்ரனாவைத் திருப்பித் திருப்பிப் படம் தேடியவர்கள் நாங்கள்.)

ஒட்டுசுட்டான் வயல்காரன்:

நன்றி அண்ணை. நல்ல வேளை கேட்டேன். அப்பாவுக்கு டிடி தமிழ்தான் முக்கியம். சக்தி செய்தியும் பதிந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நெடுங்கேணி அக்கா:

அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியது செய்மதிக் காட் தம்பி. செய்மதி ஒளிபரப்பு முறைகளான டிவிபி-எஸ், டிவிபி-எஸ்2 இரண்டையும் எடுக்க வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷில் படத்தைப் பழைய எம்பெக்-2 வகையில் சுருக்கிய சனல்கள் எஸ் முறையிலும், எம்பெக்-4 வகையில் சுருக்கிய சனல்கள் எஸ்2 முறையிலும் வருகின்றன. எஸ் மட்டும் எடுக்கும் பழைய காட் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

நான் நான்கு வருடமாக வைத்திருப்பது டிவிபிஸ்கை எஸ்952. இரட்டை ட்யூனர், பிசிஐ எக்ஸ்பிரஸ். அதன் இயக்கி (டிரைவர்) லினக்ஸின் கருவான கேர்னலுக்குள்ளேயே இருப்பதால், லினக்ஸ் வகையான உபுண்டு போட்டதும் தானாகத் தெரிந்தது. டிபிஎஸ் காட்களும் நல்ல சாமான். ஆனால் அவற்றின் இயக்கியைத் தனியாக எடுத்துத் தொகுக்க வேண்டும், கேர்னல் மாறும்போதெல்லாம் திரும்பவும் அதே வேலை. அது சரிவரும் என்றால் வாங்கலாம். விண்டோஸ் 10ல் ரீவி பதியும் பழைய மீடியா சென்டர் இல்லை, அதற்குப் பதில் நெக்ஸ்ட்பிவிஆர் மென்பொருள் போடலாம். என் விருப்பம் உபுண்டுவில் பதிவதற்கு டிவிஹெட்எண்ட், பார்ப்பதற்குக் கோடி (Kodi) என்ற மென்பொருள்கள். டிவிஹெட்எண்ட் இரவு பகல் பின்னால் ஓடிப் பதிந்துகொண்டிருக்கும். அப்பாவுக்கு முன்னால் தெரிவது கோடியின் பெரிய எழுத்துத் திரை மட்டும்தான்.

பெட்டி ஒல்லி என்றீர்கள், அரை உயரத் தகடு காட்டோடு வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மூடி மூடாது. இரண்டு ட்யூனருக்கும் தனித்தனி வயர் வேண்டும், ஆகவே டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பியை இரண்டு வாய் உள்ள இரட்டை எல்என்பியாகப் போடுங்கள்.

ஒரே அலைவரிசைத் தொகுதியில் வரும் சனல்களை ஒரு ட்யூனரே ஒன்றாகப் பதியும். இது பலருக்குத் தெரியாது. வேறு வேறு தொகுதியில் உள்ளவற்றை ஒரே நேரத்தில் எடுக்கத்தான் இரண்டாவது ட்யூனர். கணினியின் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். செய்மதியிலிருந்து வருவதை அப்படியே வட்டில் எழுதுவதுதான் வேலை, மறுபடி சுருக்குவதில்லை. நொடிக்கு 4 மெகாபிட் ஓடும் சனல் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி பிடிக்கும். உங்கள் 500 ஜிபி வட்டில் 250 மணி நேரமாவது கச்சேரி இருக்கும்.

பரந்தன் வளவு:

அக்கா சொன்னது எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. காட்டைக் கணினிக்குள் பூட்டுவதை நான் இங்கே யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஐப்பசியில் இடியோடு மழை தொடங்கிய முதல் கிழமை. இடி தள்ளிப் போகிறது என்று நினைத்து மின் பிளக்கை மட்டும் கழற்றினேன், டிஷ் வயரைக் கழற்றவில்லை. மின்னல் எங்கேயோ பக்கத்து வயலில் விழுந்தது. வயர் வழியாக வந்தது ட்யூனரையும் மதர்போட்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. பிள்ளையின் பரீட்சைப் பாடங்களும் அந்தக் கணினியில்தான் இருந்தன. வட்டு தப்பியது, அது பெரிய காரியம்.

யூஎஸ்பியில் வெளியே நிற்கும் செய்மதிப் பெட்டி வாங்குங்கள். போனால் அதோடு போகட்டும்.

நெடுங்கேணி அக்கா:

படித்ததும் மனம் கஷ்டப்பட்டது. ஆனால் யூஎஸ்பி என்றாலும் அதுவும் செப்புக் கம்பிதானே. வெளிப்பெட்டியில் ஏறுவது அந்தக் கம்பி வழியாகக் கணினிக்குள்ளும் வரும். என் வீட்டில் வயர் உள்ளே நுழையும் இடத்தில் புவித்தொடுப்புக் (எர்த்) கட்டை பூட்டி, தடித்த செப்புக் கம்பியால் நிலத்தில் அடித்த கம்பியோடு இணைத்திருக்கிறேன். வீட்டு மின்சாரத்தின் புவித்தொடுப்போடும் அதைச் சேர்க்க வேண்டும். அதை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு செய்வியுங்கள். அதுகூட நேரே விழும் மின்னலைத் தாங்காது. இடி கேட்டால் டிஷ் வயர், மின் பிளக் இரண்டையும் கழற்றுவதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். வயர் நுனி கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், மேசைக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் அவசரத்துக்கு ஒருவரும் கழற்றமாட்டார்கள்.

மாங்குளம் ரேடியோக்காரர்:

இதில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு யூபிஎஸ்ஸும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி, பதிவு நடுவில் கரண்ட் போனால் பாட்டும் பாதியில் போகும்.

சக்தி செய்திக்கு: அனலொக் பதிய முன்பு ஹாப்பாக் பிவிஆர்-150 நன்றாக இருந்தது, படத்தை எம்பெக்-2 ஆக மாற்றும் சில்லு காட்டிலேயே இருக்கும். ஆனால் அது பழைய பிசிஐ காட், உங்கள் பெட்டியில் ஏறாது. யூஎஸ்பியில் அனலொக் எடுக்கும் பழைய குச்சி கிடைத்தால் பால்-பி/ஜி என்று தெரிவு செய்யுங்கள். படம் வந்து சத்தம் வராவிட்டால் வேறு பால் வகையைத் தெரிவு செய்திருப்பீர்கள். நமக்கு ஒலி 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். எனக்குக் கேட்டால் செய்தியை அன்றன்றே ரீவியில் பார்த்துவிடுங்கள், அதற்காகச் செலவழிக்க வேண்டாம்.

ஒட்டுசுட்டான் வயல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன காட்டையே எடுத்தேன், அரைத் தகடோடு வந்தது. உபுண்டு போட்டதும் இரண்டு ட்யூனரும் தெரிகின்றன. ஆனால் இப்போது ஒரு சிக்கல்.

இரட்டை எல்என்பி இன்னும் கிடைக்கவில்லை, அதனால் இருக்கும் ஒற்றை எல்என்பியின் வயரைப் பிரிப்பான் போட்டுப் பிரித்து ஒன்றை ரீவியோடு இருக்கும் பழைய ஃப்ரீ டிஷ் பெட்டிக்கும் ஒன்றைக் காட்டுக்கும் கொடுத்தேன். ஸ்கானில் பாதிச் சனல்கள்தான் வருகின்றன. அம்மா பழைய பெட்டியில் சனல் மாற்றும்போது இங்கே பதிவு அறுந்து போகிறது. பக்கத்தில் நிற்கும் மாமரம் மறைக்கிறதா? காட் பழுதா?

நெடுங்கேணி அக்கா:

மரமும் இல்லை, காட்டும் இல்லை. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செய்மதி நிற்பது கிழக்கு 93.5 பாகையில். ஒட்டுசுட்டானிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, நிலத்திலிருந்து ஏறக்குறைய 71 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது. டிஷ்ஷின் முகம் பாதி சாய்ந்தது போலத் தெரிந்தாலும் அதன் பார்வை அங்கேதான் போகிறது. மரம் டிஷ்ஷுக்கு மேலே கவிந்து நின்றால் ஒழிய மறைக்காது.

சிக்கல் அந்தப் பிரிப்பானில். செங்குத்து அலை வேண்டும் என்றால் 13 வோல்ட், கிடை அலை வேண்டும் என்றால் 18 வோல்ட், மேல்பட்டைக்கு 22 கிலோஹெர்ட்ஸ் சைகை. இப்படித்தான் பெட்டி வயர் வழியாக எல்என்பிக்குச் சொல்கிறது. அம்மாவின் பெட்டி ஒன்று சொல்ல உங்கள் காட் வேறொன்று சொல்கிறது. எல்என்பி ஒருவர் பேச்சைத்தான் கேட்கும். பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்கான் செய்து பாருங்கள், தெரிந்துவிடும். காட்டில் தனியாக மின் இணைப்பு வாய் இருந்தால் அதையும் பூட்டுங்கள், எல்என்பிக்கு மின்சாரம் போதாவிட்டாலும் பாதிச் சனல் போகும்.

முன்பு இரட்டை எல்என்பி என்று சொன்னது என் பிழை, அம்மாவின் பெட்டியைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு ட்யூனர், ஒரு பெட்டி, மொத்தம் மூன்று வயர். குவாட் எல்என்பி வாங்குங்கள். கவனம், குவாட்ரோ என்று அதே முகத்தில் இன்னொன்று இருக்கிறது. அதற்கும் நான்கு வாய்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பட்டையில் ஒரு வகை அலையை மட்டும் தரும். அதற்குத் தனி மாற்றுப்பெட்டி தேவை. கடையில் பெயரை வாசித்துப் பார்த்து எடுங்கள்.

ஒட்டுசுட்டான் வயல்காரன்:

அக்கா, பெட்டியைக் கழற்றியதும் எல்லாச் சனலும் வந்தன. குவாட் எல்என்பி வவுனியாவில் கிடைத்தது, நேற்றுப் பூட்டினேன். முதலில் எடுத்துக் கொடுத்தது குவாட்ரோதான், நீங்கள் எழுதியதைக் காட்டி மாற்றிக்கொண்டேன். புவித்தொடுப்பும் போட்டாயிற்று. வயர் நுனி யன்னலோரம் தொங்குகிறது, அம்மாவுக்கும் கழற்றக் காட்டிக்கொடுத்தேன்.

நேற்று இரவு ஒன்பதரைக் கச்சேரியைப் பதிந்தேன். நமக்கும் இந்தியாவுக்கும் மணி ஒன்றுதான், அட்டவணையில் உள்ள நேரம் அப்படியே பொருந்துகிறது. ஆனால் நிகழ்ச்சி நான்கு நிமிடம் பிந்தி முடிந்தது, கடைசி மங்களம் அறுந்துவிட்டது. இன்றிலிருந்து முன்னால் 5, பின்னால் 15 நிமிடம் கூட்டி வைத்திருக்கிறேன்.

காலையில் தேநீரோடு அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தேன். தனி ஆவர்த்தனத்தை மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார். கதிரைக் கையில் விரல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.