ஸ்டீரியோவுக்கு சிடி எழுதி மாட்டிக்கொண்ட கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

திண்ணைவாசி:
2003-இல் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அத்தை 1984 கொலுவில் பாடியது ஒரு டிடிகே கேசட்டில் இருந்தது. அத்தை போய் அப்போதே எட்டு வருஷம். டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டு ஏற்றி, இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து, சிடியில் எழுதினேன். கடையில் 15 ரூபாய் சிடியும் இருந்தது, 50 ரூபாய் ஆர்டபிள்யூவும், அதாவது அழித்து அழித்து எழுதும் சிடியும், இருந்தது. விலை கூட என்றால் தரமும் கூட என்று நினைத்து 50 ரூபாய் வாங்கினேன். தப்பினால் அழித்து எழுதலாமே என்ற கணக்கு வேறு.

என் கம்ப்யூட்டரில் அருமையாகப் பாடியது. ஹாலில் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, சித்தப்பா 1992-இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோவில் போட்டால் 'நோ டிஸ்க்'. அப்பா எழுந்து வந்து வட்டை வெளியே எடுத்தார். புது வேஷ்டி நுனியால் துடைத்தார், போட்டார். நோ டிஸ்க். மறுபடி துடைத்தார், போட்டார். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பச்சை எழுத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "பரவாயில்லடா, இலை போட்டாச்சு" என்று போய்விட்டார். அந்த வேஷ்டி நுனி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஒத்தத்தாளம்:
என்னுடையது கச்சேரி. வானொலியில் சனிக்கிழமை ராத்திரி பிடித்த ராகம் தானம் பல்லவி. பெரியப்பாவுக்கு சிடியாகப் போட்டுக் கொடுத்தேன். வேண்டிய இடத்துக்குப் போக வசதியாக இருக்கட்டும் என்று ராகம் தனி, தானம் தனி, பல்லவி தனி, ஸ்வரம் தனி என்று வெட்டி ஏழு டிராக் ஆக்கினேன். சாஃப்ட்வேரில் டிராக்-அட்-ஒன்ஸ் (ஒவ்வொரு டிராக்காக நிறுத்தி எழுதுவது) என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். அது டிராக்குக்கு நடுவே 2 வினாடி மௌனம் வைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பெரியப்பா சாய்வு நாற்காலியில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்கிறார். ஸ்வரம் முடிந்து பல்லவி எடுப்புக்கு வந்து விழ வேண்டிய இடம். அங்கேதான் என் கத்தி. கை மேலே போனது, பாட்டு இல்லை, கை அங்கேயே நின்றது. இரண்டு வினாடி கழித்து எடுப்பு வந்தபோது அவர் கையை மடியில் வைத்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்த சிடியைப் போடவும் இல்லை.

சேலம் ஸ்பீக்கர்:
திண்ணைவாசி, உங்கள் கதையில் ஆர்டபிள்யூமேல் பழி போடாதீர்கள். லென்ஸில் தூசு இருந்திருக்கும். 1992 செட் என்றால் பதினோரு வருஷத் தூசு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு துடை துடைத்திருந்தால் பாடியிருக்கும். என் வீட்டில் ஆர்டபிள்யூ ஓடத்தான் செய்தது.

என் கதை சின்னது. சிடிமேல் ஒட்ட வட்ட ஸ்டிக்கர் வருமே, அதில் பாட்டுப் பெயரெல்லாம் பிரிண்ட் எடுத்து அழகாக ஒட்டினேன். மூன்று வருஷம் கழித்துப் பொங்கலுக்கு வீடு ஒதுங்கவைத்தபோது ஓரம் கிளம்பியிருந்தது. பிடித்து உரித்தேன். வெள்ளியும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. வட்டுக்கு அந்தப் பக்கம் என் விரல் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்தது. 16 பாட்டும் ஸ்டிக்கரோடு குப்பைக்குப் போனது.

ஸ்கார்பரோ சிவம்:
எங்கட பக்கம் இதை இறுவட்டு என்றுதான் சொல்லுவோம். நான் கணினியில் எழுதவில்லை, ஸ்டீரியோவோடு சேர்த்து வைக்கிற ஒலிப்பதிவுக் கருவி வாங்கினேன். மலிவாகக் கிடைத்த 50 வெற்று வட்டுகளை வாங்கி வந்து போட்டால் ஒன்றையும் ஏற்கவில்லை. அதற்கென்று 'டிஜிட்டல் ஆடியோ' முத்திரை போட்ட வட்டுத்தான் வேணும். பூசின பொருளில் வித்தியாசம் ஒன்றும் இல்லை, வட்டில் ஒரு அடையாளக் குறி, அவ்வளவுதான். இசைக்காரருக்குப் போகிற கட்டணத்தை விலையில் சேர்ப்பதற்கான ஏற்பாடு.

சரி, அதையும் வாங்கி, மச்சாளின் கலியாண நாதஸ்வரத்தைப் பதிந்து மொன்றியலில் இருக்கிற பெரியம்மாவுக்குத் தபாலில் அனுப்பினேன். ஒரு கிழமையில் தொலைபேசி. "தம்பி, வட்டு சுத்துது, சத்தம் வரேல்லையடா. மேளம் வாசிக்கேல்லையோ?" என்றா. நான் ஃபைனலைஸ் பண்ண, அதாவது மற்றக் கருவிகளும் வாசிக்கிற மாதிரி வட்டை முடித்து மூட, மறந்திருந்தேன். என்ர கருவியில் பாடியதால் தெரியவில்லை. இரண்டு நிமிட வேலை. அதுக்காக வட்டு மொன்றியலிலிருந்து திரும்பி வந்து மறுபடி போனது.

மின்வெட்டு மணி:
நான் எழுதிக்கொண்டிருந்தபோது 94 சதவீதத்தில் கரண்ட் போனது. இப்படி நான்கு வட்டு. அம்மா அவற்றை மொட்டைமாடி வடகத்துக்குக் காக்கா விரட்டக் கட்டித் தொங்கவிட்டார். அதில்தான் நன்றாக வேலை செய்தன.

பழைய லேசர்:
சேலம் ஸ்பீக்கர் சொல்வது தவறு. கடையில் வாங்கும் பாட்டு சிடி, மேலே படும் ஒளியில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும். ஒரு தடவை மட்டும் எழுதும் சாதா சிடி-ஆர் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும். ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான். ஆர்டபிள்யூ சந்தைக்கே வந்தது 1997 வாக்கில். 1992 செட்டுக்கு அப்படி ஒரு வட்டு இருப்பதே தெரியாது. அது 'நோ டிஸ்க்' என்று சொன்னது அதன் வரைக்கும் உண்மை. உங்கள் வீட்டு செட் பிற்பாடு வந்ததாக இருக்கும். ஸ்பிரிட்டால் அடிக்கடி துடைத்து லென்ஸைச் சாய்த்துவிட்டு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் அனுபவம் ஒரு வரி: 99 நிமிட வட்டு என்று ஆசைப்பட்டு வாங்கினேன், 80-ஐத் தாண்டியதும் ஸ்டீரியோ முக்கி முனகி நின்றுவிட்டது.

இனி எழுதுகிறவர்களுக்கு, இன்னும் யாராவது எழுதினால்: பழைய செட்டுக்கு 74 நிமிட வட்டு கிடைத்தால் விடாதீர்கள். 80 நிமிட வட்டில் தடத்தை நெருக்கித்தான் இடம் பண்ணுகிறார்கள். ஒத்தத்தாளம் மாதிரி கச்சேரி எழுதுகிறவர்கள் டிஸ்க்-அட்-ஒன்ஸ் (முழு வட்டையும் ஒரே மூச்சில் எழுதுவது) போட்டு இடைவெளியை 0 ஆக்குங்கள். டிராக்கும் இருக்கும், தாளமும் அறாது. எம்பி3-ஐ அப்படியே இழுத்துப் போட்டு எழுதினால் அது டேட்டா சிடி, பழைய ஸ்டீரியோ பாடாது. ஆடியோ சிடி என்று தேர்ந்தெடுத்துத்தான் எழுத வேண்டும். ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம், பால்பாயிண்ட் பேனாவும் கூடாது. பாட்டு இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் என்று எல்லாரும் அதைப் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். உண்மையில் பதிவு எழுத்துப் பக்கத்து அரக்குப் பூச்சுக்குக் கீழே, தலைமுடி கனம்கூட இல்லாத ஆழத்தில் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம், மேல்பக்கம் கீறினால் போச்சு. மெத்தென்ற முனை மார்க்கரால் நடு வளையத்தில் எழுதுங்கள். எழுதும் வேகத்தை (அதைத்தான் எக்ஸ் என்று போட்டிருக்கும்) குறைக்கக் குறைக்க நல்லது என்பதும் முழு உண்மை இல்லை. 52 எக்ஸ் வட்டை 1 எக்ஸில் எழுதினால் சில சமயம் மோசமாகத்தான் வரும், 16 எக்ஸ் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் இருக்கும் பெயரையும் நம்பாதீர்கள், உள்ளே வட்டு அடித்தவர் வேறு ஆளாக இருப்பார். நாங்கள் தைவான் தயாரிப்பா, ஜப்பானின் தையோ யூடனா, நம்மூர் மோசர் பேயரா என்று கம்ப்யூட்டரில் வட்டின் தயாரிப்பாளர் குறியீட்டைப் பார்த்துத்தான் அப்போதெல்லாம் வாங்கினோம். தையோ யூடனே 2015-இல் வட்டுத் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

சேலம் ஸ்பீக்கர்:
கதை ஒரு வரி, பிரசங்கம் ஒரு முழம். லென்ஸ் சாய்ந்ததெல்லாம் என் கையில் நடந்ததில்லை.

ஒத்தத்தாளம்:
0 என்று போட வேண்டும் என்பதை 2004-இல் யாராவது சொல்லியிருந்தால்! திண்ணைவாசி, அப்புறம் அதைச் சாதா சிடியில் எழுதிக் கொடுத்தீர்களா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

திண்ணைவாசி:
கேட்டுவிட்டீர்கள். எழுதவில்லை. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே போனேன். ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லாமல் கம்ப்யூட்டரில் இருந்ததை முன்பே அழித்திருந்தேன், ஆர்டபிள்யூவில்தான் இருக்கிறதே என்று. இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் ஃபைல் அவசரமாக எடுத்துப் போக வேண்டியிருந்தது. கையில் கிடைத்த வட்டு அதுதான். அழித்து எழுதினேன். 50 ரூபாய் கொடுத்ததே அதற்குத்தானே.

அப்பா அதைப் பற்றி இன்றுவரை கேட்கவில்லை. கேசட் இருக்கிறது. போன மாதம் போட்டுப் பார்த்தேன். ரிப்பனை அழுத்தும் பஞ்சு கழன்று விழுந்துவிட்டது, அத்தை கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது.

மின்வெட்டு மணி:
பஞ்சுதானே? கேசட் ஓட்டின் மூலைகளில் திருகு இருக்கிறதா பாருங்கள். நடுவில் ஒன்றோடு மொத்தம் ஐந்து இருக்கும். இருந்தால் ரிப்பனை வேறு ஓட்டுக்கு மாற்றிவிடலாம். பஞ்சு நன்றாக இருக்கும் பழைய கேசட்டுகள் என்னிடம் ஒரு பை நிறைய இருக்கின்றன. கழற்றும்போது சுருளை விரலால் அழுத்திப் பிடியுங்கள், அவிழ்ந்தால் தரையெல்லாம் ஓடும்.

திண்ணைவாசி:
திருகு இருக்கிறது. ஐந்துதான். ஒன்று துருப்பிடித்திருக்கிறது.