கார்பன் இழைகளின் கன அளவுப் பங்கு படத்தில் மிகையாக வருகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். கார்பன் இழையும் எபாக்ஸிப் பிசினும் கொண்ட, இழைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும் ஒருதிசைத் தகட்டின் குறுக்குவெட்டை மெருகேற்றி, பிக்சலுக்கு 0.5 மைக்ரான் என்ற அளவில் ஒளி நுண்ணோக்கியில் படமெடுத்தேன். வெளிச்ச எல்லையைத் தானாகவே தேர்ந்தெடுக்கும் ஓட்சு முறையில் கருப்பு வெள்ளையாகப் பிரித்தால் இழைகளின் பங்கு 74 விழுக்காடு வருகிறது. அதே தகட்டின் துண்டை அமிலத்திலிட்டுப் பிசினைக் கரைத்து எடை பார்த்துக் கன அளவாகக் கணக்கிட்டதில் 58 விழுக்காடுதான் கிடைத்தது. ஒட்டியிருக்கும் இழைகளை வாட்டர்ஷெட் (ஒட்டிய உருவங்களைக் கோடிட்டுப் பிரிக்கும் கணினி முறை) கொண்டு பிரித்தாலோ, ஒரே இழை மூன்று துண்டுகளாகச் சிதறுகிறது. எங்கே தவறு?

பதில் 1:
இழையின் விட்டம் 7 மைக்ரான் என்றால், உங்கள் படத்தில் அதன் ஆரம் வெறும் 7 பிக்சல். விளிம்பில் வெளிச்சம் சட்டென்று மாறாமல் படிப்படியாகக் குறைவதால் எல்லைக்கோடு வெளியே நகர்கிறது, ஆரம் 7.9 ஆனாலே பரப்பு 27 விழுக்காடு கூடி, 58 என்பது 74 ஆகிவிடும். தனித்து நிற்கும் இழைகளின் ஆரத்தை அளந்து பாருங்கள். ஆனால் 58 வரும்வரை த்ரெஷோல்டை (கருப்பையும் வெள்ளையையும் பிரிக்கும் வெளிச்ச எல்லையை) நகர்த்தாதீர்கள். அது அளவீடே அல்ல. மாறாக இழைகளை எண்ணி, தயாரிப்பாளர் தரும் விட்டத்திலிருந்து பரப்பைக் கணக்கிட்டுப் பெருக்கி, படத்தின் மொத்தப் பரப்பால் வகுங்கள். ஓரத்தில் வெட்டுப்பட்டவற்றில் இடப்புறமும் மேற்புறமும் உள்ளவற்றை மட்டும் எண்ணினால் போதும்.

வாட்டர்ஷெட் சிதறுவதற்குக் காரணம், கரடுமுரடான விளிம்பு, தூர வரைபடத்தில் (ஒவ்வொரு பிக்சலும் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளியுள்ளது என்று காட்டுவது) ஒரே இழைக்குள் பல உச்சிகளை எழுப்புவதுதான். ஒரு பிக்சலுக்கும் குறைவாக எழும் உச்சிகளை முதலில் அமிழ்த்திவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சராசரி ஆரம் 7.8 பிக்சல் இருந்தது. எண்ணும் முறையில் எல்லாப் படங்களின் சராசரி 59 விழுக்காடு, இழைகளும் ஒழுங்காகப் பிரிகின்றன. ஆனால் படத்துக்குப் படம் 52 முதல் 66 வரை மாறுகிறதே?

பதில் 2:
அந்த வேறுபாடு பிழையாக இருக்க வேண்டியதில்லை. பிசின் மிகுந்த பகுதிகள் தகட்டில் உண்மையிலேயே இருக்கும். பல படங்களை ஒட்டி ஒரு பெரிய பரப்பாக்கி, அதில் சமவாய்ப்பு முறையில் இடம் தேர்ந்து, சாளரத்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே மதிப்புகளின் சிதறலை வரைந்து பாருங்கள். உங்களுக்கு ஏற்புடைய அளவுக்குச் சிதறல் ஒடுங்கும் சாளரமே இந்தப் பங்கைப் பொறுத்தவரை பிரதிநிதித்துவப் பரப்பு, அதாவது தகடு முழுவதற்கும் மாதிரியாகக் கொள்ளத்தக்க பரப்பு. விறைப்புக்கும் முறிவுக்கும் அது வேறாக இருக்கலாம். இருபுள்ளிச் சார்பையும் கணக்கிடுங்கள்: இரு புள்ளிகளும் இழைக்குள் விழும் நிகழ்தகவு, இடைத்தூரம் கூடக்கூட 0.59-இன் இருமடியான 0.35-ஐ ஒட்டி நிலைபெற வேண்டும். அது நிலைபெறும் தூரத்தைப் போலப் பல மடங்கு அகலம் சாளரத்துக்கு இருந்தாக வேண்டும்.