‘பிளாட்’ கட்டளைக்கு ‘வரைபிடு’: ஒரு பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

கணித வளைவரைகளைத் திரையில் வரைந்து காட்டும் மென்பொருள்களைத் தமிழாக்கும்போது, அவ்வாறு வரையச் சொல்லும் ‘பிளாட்’ (plot) கட்டளைக்கு ‘வரைபடம்’ என்றே இட்டுவிடலாம் என்ற கருத்து இந்தக் கலந்துரையாடலில் வலுவாக முன்வைக்கப்பட்டுள்ளது. பத்தாம் வகுப்புத் தேர்வில் ‘வரைபடம் வரைக’ என்ற வினாவை எதிர்கொண்டு வளர்ந்தவன் என்ற முறையில் அச்சொல்லின்மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் அது நிலப்படத்தையும் குறிக்கிறது. பெயர்ச்சொல்லாக இருப்பதால் கட்டளையாகவும் நிற்காது. இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. கணிதப் பொருளையும் அதற்கு மென்பொருள் தீட்டும் உருவத்தையும் அது ஒரே பெயரால் சுட்டிவிடுகிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல்நுணுக்கம் அன்று. 1986 முதல் வழங்கிவரும் க்னூபிளாட் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நாம் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் அது −10 முதல் 10 வரையுள்ள இடைவெளியில் 100 புள்ளிகளில் மட்டும் சார்பின் மதிப்பைக் கணக்கிட்டு, அடுத்தடுத்த புள்ளிகளை நேர்கோட்டுத் துண்டுகளால் இணைக்கிறது. சைன்(30எக்ஸ்) என்ற சார்புக்கு அந்த இடைவெளியில் ஏறத்தாழ 95 அலைகள் இருக்க வேண்டும். திரையிலோ ஏறத்தாழ மூன்றரை அலைகள் மட்டுமே, அழகாகவும் ஐயத்திற்கு இடமின்றியும் தோன்றுகின்றன. புள்ளிகளின் எண்ணிக்கையை 5000 ஆக உயர்த்தினால்தான் உண்மை வெளிப்படும். அவ்வாறே, இரு அச்சுகளின் அளவுத்திட்டமும் ஒன்றாக இல்லாதபோது வட்டம் நீள்வட்டமாகத் தெரிகிறது. வளைவரை வட்டமாகவே இருக்கிறது. மாறியது அதன் தோற்றம் மட்டுமே. ‘வரைபடம் தவறு’ என்று மாணவர் சொல்லும்போது அவர் குறை சொல்வது சார்பையா, திரையில் கண்ட உருவத்தையா என்பது விளங்க வேண்டுமானால் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும்.

இலங்கைப் பாடநூல்களில் ‘வரைபு’ என்ற சொல் நெடுங்காலமாக வழங்குகிறது. அதனுடன் ‘இடு’ என்ற துணைவினையைச் சேர்த்தால் ‘வரைபிடு’ என்ற வினை கிடைக்கிறது. கோலமிடுதல் என்பதைப் போல, புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் செயல் இதிலும் இயல்பாக ஒலிக்கிறது. மதிப்பிடு மதிப்பீடு ஆவதுபோல, குறியிடு குறியீடு ஆவதுபோல, இதன் தொழிற்பெயர் ‘வரைபீடு’ ஆகும். ஆகவே வளைவரை என்பது கணிதப் பொருள். வரைபு என்பது சார்பு ஒன்றின் புள்ளிகள் அனைத்தும் அடங்கிய கணம், அதாவது தொகுப்பு. வரைபீடு என்பது அவற்றுள் சிலவற்றைக் கொண்டு மென்பொருள் தீட்டிய உருவம்.

முன்னர்ப் பரிந்துரைக்கப்பட்ட ‘வரைவு’ என்பதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. வரைவு அறிக்கை, வரைவுச் சட்டம் என இன்றைய வழக்கில் அது முற்றுப்பெறாத எழுத்தைக் குறிக்கிறது; அகப்பொருள் இலக்கணத்திலோ திருமணத்தைக் குறிக்கிறது. ‘புள்ளிவரை’ என்ற மற்றொரு பரிந்துரை கருத்தளவில் மிகப் பொருத்தமானது என்றாலும், மென்பொருளின் கட்டளைப் பட்டியில் தனித்து நிற்கும்போது ‘புள்ளி வரைக்கும்’ என்ற எல்லைப்பொருளைத் தந்துவிடுகிறது. மேலும், புள்ளிகளை இணைக்காமல் விடும் சிதறல் படத்தோடும் அது குழம்பும்.

தமிழ்நாட்டு மாணவருக்கு ‘வரைபு’ புதிது என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் ‘வரைபடம்’ என்பதிலுள்ள அதே வேர் இதிலும் இருப்பதால் முதற்பார்வையிலேயே பொருள் பிடிபடும் என்று நம்புகிறேன். விளக்கக் குறிப்புகளில் மட்டும் சில காலம் ‘வரைபடம்’ என்பதையும் அருகில் தரலாம்.

இதன்படி, பொத்தானில் ‘வரைபிடுக’ என்றும், மீண்டும் வரையும் கட்டளைக்கு ‘மீள வரைபிடுக’ என்றும், அமைப்புப் பக்கத்தில் ‘வரைபீட்டு எல்லைகள்’, ‘மாதிரிப் புள்ளிகளின் எண்ணிக்கை’ என்றும் இடலாம். ‘மாதிரிப் புள்ளி’ என்ற தொடரில் எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை. பொருத்தமான ஒற்றைச்சொல் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.