நாள்பட்ட நுரையீரல் நோயும் தொலைமருத்துவமும்: எங்கள் அனுபவங்கள்

தந்தையைப் பராமரிக்கும் மகள் எழுதியது:

என் அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது மருத்துவர்கள் சிஓபிடி என்று சுருக்கிச் சொல்லும் நோய், இருப்பது தெரிந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவமனைக்குப் போய்வரும் அலைச்சலே அவரை இரண்டு நாள் படுக்கையில் தள்ளிவிடும் என்பதால், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நேரில் பார்ப்பது, இடையில் மாதந்தோறும் காணொளி அழைப்பில் பேசுவது என்று மருத்துவர் ஏற்பாடு செய்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்காமல் நுரையீரல் நோயாளியைப் பார்ப்பதாவது என்றுதான் நினைத்தேன்.

முதல் அழைப்பிலேயே அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. "தினமும் இன்ஹேலரை எப்படி எடுக்கிறீர்களோ, அப்படியே எடுத்துக் காட்டுங்கள் ஐயா" என்றார் மருத்துவர். அப்பா மூடியைக் கழற்றி, குலுக்காமலேயே வாயில் வைத்து, அழுத்திவிட்டு, அதன் பிறகே மூச்சை இழுத்தார். அவருக்குப் பின்னால் கருமையான மரக்கதவு இருந்தது. அந்தக் கருமையின் மேல் அவர் உதட்டோரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பிக் கலைந்ததை மருத்துவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். "அந்த வெள்ளைப் புகைதான் உங்கள் மருந்து. நெஞ்சுக்குள் போக வேண்டியது கதவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது" என்றார் அவர். மருந்து கேட்கவே இல்லை என்று அப்பா சலித்துக்கொண்டதற்கும், ஒவ்வொரு முறையும் மருந்துச் சீட்டு நீண்டுகொண்டே போனதற்கும் காரணம் அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

பிறகு கட்டிலருகே இருந்த மேசையைக் காட்டச் சொன்னார். அங்கிருந்த மூன்று இன்ஹேலர்களில் ஒன்றின் எண்ணிக்கைச் சாளரம் 0 என்று காட்டியது. எத்தனை நாளாக அப்பா வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. அழுத்தி எடுக்கும் வகையைக் குலுக்கிவிட்டு, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, முடிந்தால் 10 நொடிகள் மூச்சை அடக்க வேண்டும் என்றும், பொடி வகையை அதற்கு நேர்மாறாக வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும் என்றும் நாங்கள் அன்றுதான் கற்றுக்கொண்டோம். கையும் மூச்சும் ஒத்துவராததால் அப்பாவுக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலரோடு பொருத்தி மருந்தை நிதானமாக உள்ளிழுக்க உதவும் குழாய், எழுதிக் கொடுத்தார். உங்களுக்கும் இத்தகைய அனுபவங்கள் இருந்தால், நல்லதோ கெட்டதோ, பகிர்ந்துகொள்ள வேண்டுகிறேன்.

சுவாசப் பிரிவில் பணியாற்றும் செவிலியர் எழுதியது:

சகோதரி, உங்கள் அப்பாவைப் போன்றவர்களை நான் நாள்தோறும் தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறேன். என் அனுபவத்தில் கெட்டதும் உண்டு என்பதால் அதையே எழுதுகிறேன்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் செறிவூட்டியை வீட்டில் வைத்திருக்கும் ஒரு நோயாளியின் மனைவி, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அவருடைய கணக்கில் 100-க்கு அருகே போகப்போக நல்லது. ஆனால் நோய் முற்றி, கரியமில வாயு உடலில் தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு நாங்கள் வைக்கும் இலக்கு பொதுவாக 88 முதல் 92 வரைதான். எண் உயரட்டும் என்று ஆக்சிஜனைத் தாமாகக் கூட்டினால், கரியமில வாயு மேலும் சேர்ந்து மயக்க நிலைக்கே கொண்டுபோகக்கூடும். நோயாளியிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். நான் கேட்ட கேள்விக்கும் அவருடைய பதிலுக்கும் இடையே நீண்ட இடைவெளி விழுந்தது. காலையிலிருந்து தலைவலி என்று குழறலாகச் சொன்னார். மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவுக்கு ஆக்சிஜனைத் திருப்பி வைக்கச் சொல்லி, இணைப்பைத் துண்டிக்காமலேயே ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்தோம். எங்களுக்கு வந்து சேர்ந்த பதிவேட்டில் அன்றைய 98 பச்சை நிறத்தில்தான் இருந்தது என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே, கருவியை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் மருத்துவமனைச் சேர்க்கை குறைந்துவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வதை நான் அப்படியே நம்புவதில்லை. ஸ்காட்லாந்தில் 256 சிஓபிடி நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை ஒரே மாதிரியாக இருக்க, தொலைவழிக் கண்காணிப்பை மட்டும் கூடுதலாகச் சேர்த்தபோது, மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை அதனால் தள்ளிப்போகவில்லை. எங்கள் பிரிவில் நான் காண்பதும் ஏறக்குறைய அதுவே.

நோயாளி ஒருவர் எழுதியது:

இந்தச் செவிலியர் அம்மாவின் பதிவைப் படித்ததும் என் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது. தினமும் காலையில் ஆக்சிஜன் அளவையும், இருமல், சளி, நெஞ்சிறுக்கம், தூக்கம் முதலியவை பற்றிய 8 கேள்விகளுக்கான மதிப்பெண்களையும் கைபேசியில் பதிவுசெய்யும்படி எனக்குச் சொல்லியிருந்தார்கள். முதல் மாதம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு, நோய் தன்னை ஒவ்வொரு விடியலிலும் நினைவூட்டுவது போன்ற எரிச்சல் வந்து, அளக்காமலேயே 93 என்று அடித்து அனுப்பத் தொடங்கினேன். பதினோராவது நாள் அழைப்பு வந்தது. "ஐயா, யாருக்கும் பத்து நாள் ஒரே எண் வராது" என்று சிரித்தபடியே கேட்டார் அந்தப் பெண். அவர் திட்டியிருந்தால் நான் கருவியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவரோ, இனி தினமும் வேண்டாம், வாரம் இரு முறையும் உடம்பு மாறுபடும் நாள்களிலும் அனுப்பினால் போதும் என்று என் மருத்துவரிடம் பேசி மாற்றித் தந்தார்.

அந்த "மாறுபடும் நாள்" ஒரு மாதம் கழித்து வந்தது. மூச்சிரைப்பு கூடியது, சளி அதிகமாகி, நிறமும் வெள்ளையிலிருந்து பச்சைக்கு மாறியது. ஆக்சிமீட்டர் மட்டும் வழக்கமான எண்ணையே காட்டியதால் பேசாமல் இருந்துவிட நினைத்தேன். இருந்தாலும் அழைத்தேன். மருத்துவர் எண்ணைக் கேட்கவில்லை. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று எண்ணச் சொன்னார். நல்ல நாள்களில் 20 வரை போகும் நான் 9-இல் நின்றேன். முன்பே எழுதிக் கொடுத்து வீட்டில் வைத்திருந்த மாத்திரைகளை அன்றே தொடங்கச் சொல்லி, மறுநாள் காலை தாமே அழைப்பதாகவும், உதடு நீலம் பாரித்தாலோ, பேச முடியாமல் போனாலோ, குழப்பம் ஏற்பட்டாலோ அதற்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். இம்முறை வீட்டிலேயே தேறிவிட்டேன். முந்தைய முறை ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தவன் நான்.

ஒரு சிறு குறிப்பு: விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் ஆக்சிமீட்டர் தவறாகக் காட்டக்கூடும். கருமையான தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு என்று என் மருத்துவர்தான் சொன்னார்.

இயன்முறை மருத்துவர் எழுதியது:

நான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியைக் காணொளியில் 8 வாரங்கள் நடத்துகிறேன். மையத்துக்கு வந்து பயிற்சி பெறுவதைவிட இது மட்டமானதல்ல என்பதே இதுவரையிலான ஆய்வுகளின் போக்கு. வர முடியாமல் பாதியில் நின்றுவிடுவோர் இதில் குறைவு. ஆறு நிமிட நடைச் சோதனைக்கு வேண்டிய நீண்ட தாழ்வாரம் எந்த வீட்டிலும் இருக்காது என்பதால், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுகிறோம். ஒருமுறை ஓர் அம்மா எழுந்ததும் நாற்காலி பின்னால் உருண்டுபோய்விட்டது. அதில் சக்கரம் இருந்தது திரையில் எனக்குத் தெரியவில்லை. நல்ல வேளையாக மருமகள் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து சுவரோடு சேர்த்து வைத்த நாற்காலியின் நான்கு கால்களையும் காட்டிய பிறகே தொடங்குகிறேன், அருகில் ஒருவர் இல்லாவிட்டால் பயிற்சியைத் தள்ளிவைக்கிறேன்.

மகள் மீண்டும் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செவிலியர் அவர்களின் பதிவைப் படித்த அன்றே அப்பாவுக்கு உரிய இலக்கு எண்களை மருத்துவரிடம் கேட்டு, எங்கள் வீட்டிலுள்ள ஆக்சிஜன் செறிவூட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன். போன அழைப்பில் அப்பாவின் கணுக்காலை விரலால் அழுத்திக் காட்டச் சொன்னார்கள். குழி விழுந்து நின்றது. இதயத்தின் வலப்பக்கம் சிரமப்படுகிறதா என்று பார்க்க வேண்டும், இதைத் திரையில் முடிவுசெய்ய முடியாது என்று சொல்லி நேரில் வரவழைத்தார்கள். இரத்த வாயுப் பரிசோதனையும் இதய ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது, முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.

இன்ஹேலரைப் பொறுத்தவரை, இப்போதெல்லாம் அழைப்பு வருவதற்கு முன்பே அப்பா தம் நாற்காலியை அந்தக் கதவுக்கு முன்னால் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்.