பழைய பல்சரின் முன் பிரேக்குக்கு வலை ஹோஸ்: எதைப் பார்த்து எடுக்கிறது?

மாங்குளத்தான்:
பல்சர் 150. முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம். லீவர் பஞ்சு மாதிரி உள்ள போகுது, பிரேக் ஒயில் மாத்தியும் அப்பிடித்தான். ரப்பர் ஹோஸ் வண்டியோட வந்தது, வளைவிலை வெடிப்பு. ஸ்டெயின்லெஸ் வலை போட்டது வாங்க யோசனை. நீளம், போல்ட் என்னெண்டு பாக்கிறது? டிராக்டர் ஹைட்ரோலிக் ஹோஸ் அழுத்திக் குடுக்கிற கடையிலை செய்விக்கலாம் எண்டும் சொல்லுறாங்கள். சரிவருமோ?

சில்லுக்காரன்:
டிராக்டர் ஹோஸ் வேண்டவே வேண்டாம். அதின்ரை உள் ரப்பர் பெரும்பாலும் நைட்ரைல், மினரல் ஒயிலுக்கெண்டு செய்தது. டொட் 3, டொட் 4 எண்டுற பிரேக் ஒயில் கிளைகோல். அதிலை நைட்ரைல் ஊதி உரியும், உரிஞ்ச துண்டு, லீவரடியிலை ஒயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரின்ரை ஓட்டையை அடைக்கும். பிரேக் ஹோஸுக்கு உள்ளுக்கு டெஃப்லோன் குழாய், மேல வலை, அதுக்கு மேல பிளாஸ்டிக் உறை. உறை இல்லாததை எங்கடை கிரவல் றோட்டுக்கு எடுக்காதேங்கோ. புழுதி வலைக்குள்ள போய் உரசும். வலை ஃபோர்க்கிலை முட்டினால் வாள் மாதிரி பெயின்ற்றையும் அறுக்கும்.

ஒண்டு சொல்லவேணும்: வெடிச்ச ஹோஸைக் கழட்டிப் புது ஒரிஜினல் ரப்பர் போட்டாலே லீவர் நல்லா இறுகும். வலை ஹோஸின்ரை லாபம் அதுக்கு மேல கொஞ்சந்தான். காசு இறுக்கமெண்டால் ரப்பரே காணும்.

வவுனியா ஸ்பானர்:
நீளம் பழைய ஹோஸிலை மட்டும் அளக்காதேங்கோ. நடு ஸ்டாண்டிலை விட்டு முன் சில்லைத் தூக்கினால் ஃபோர்க் முழுக்க நீண்டு இறங்கும். ஹாண்டிலை இரண்டு பக்கமும் கடைசி மட்டும் திருப்பி, நூல் ஒண்டைப் பழைய ஹோஸ் போற வழியாலை விட்டுப் பாருங்கோ. எங்கையும் இழுக்கப்படாது. வலை ஹோஸ் ரப்பர் அளவுக்கு வளையாது. அதாலை இரண்டு முனையிலையும் உள்ள பான்ஜோவின்ரை (போல்ட் உள்ளாலை போற வளையம்) கோணமும் பழையதைப் போலவே இருக்கவேணும். முறுக்கிப் பூட்டினால் முனையிலைதான் போகும்.

போல்ட் 10 மில்லி எண்டு மட்டும் கேட்டு வாங்காதேங்கோ. புரி இடைவெளி 1.0, 1.25 மில்லி எண்டு இரண்டு இருக்கு. மாறிப் பூட்டினால் காலிப்பர் (டிஸ்கைப் பிடிக்கிற பாகம்) புரி போச்சு. பழைய போல்டைக் கடைக்குக் கொண்டுபோங்கோ. செம்பு வாசர் ஒரு பான்ஜோவுக்கு இரண்டு, மொத்தம் நாலு, எல்லாம் புதுசு. இறுக்கம் வண்டிப் புத்தகத்திலை உள்ளபடி. இரும்பு போல்டுக்குப் பொதுவா 25 முதல் 35 நியூட்டன் மீற்றர், அலுமினியத்துக்கு அதைவிடக் குறைய.

மாங்குளத்தான்:
நன்றி அண்ணை. பஞ்சுத்தனம் ஹோஸாலைதானோ?

சில்லுக்காரன்:
ஒராள் லீவரை இறுக்கிப் பிடிக்க நீங்கள் ஹோஸைத் தொட்டுப் பாருங்கோ. ஊதினால் ஹோஸ். ஊதாமல், பிடிச்சபடியே லீவர் மெல்ல மெல்ல இறங்கினால், வெளியிலை கசிவும் இல்லையெண்டால், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேய்ஞ்சது. எந்த ஹோஸும் உதவாது.

ஹோஸ் பூட்டிக் காத்தெடுக்கேக்கை, காலிப்பரிலை காத்து விடுற நிப்பிளோட மேல் பான்ஜோவையும் பாருங்கோ, அதுதான் உயரமான இடம், காத்து அங்கைதான் நிக்கும். லீவரைப் பிடிச்சு, மேல் போல்டைச் சீலை சுத்திக் கால் சுத்துத் தளர்த்தி, லீவரை விடமுதல் இறுக்குங்கோ. ஒயில் டாங்கியிலை பட்டால் உடனை தண்ணியாலை கழுவவேணும். புதுப் போத்தல் டொட் 4, சிலிக்கோன் டொட் 5 இல்லை. காலிப்பர் ரப்பரைப் பெற்றோலாலை கழுவினால் ஊதிப்போகும். கடைசியா நிப்பிள் மூடி போடுங்கோ. இல்லாட்டிப் புழுதி அடைச்சு அடுத்தமுறை கழட்டேக்கை முறியும்.