லடாக் கணவாய்களுக்கு ட்ரெய்லர் இழுத்துப் போகும் திட்டம்: இறக்கத்தில் வண்டியைத் தள்ளுகிறது, வழி சொல்லுங்கள்

கோட்டையூரான்

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் மலை என்றால் குன்றக்குடியும் பிரான்மலையும்தான். அதனால் மலைப்பாதையில் பாரம் இழுத்துப் பழகியவர்களிடம் கேட்கிறேன்.

வருகிற கோடையில் குடும்பத்தோடு லடாக்கின் லே நகரம் வரை போகத் திட்டம். மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார். வண்டி 2.2 லிட்டர் டர்போ டீசல், மேனுவல் கியர், நான்கு சக்கர இயக்கம் உள்ளது. பின்னால் ஒற்றை ஆக்சில் ட்ரெய்லர். மேலே மடிப்புக் கூடாரம், பின்பக்கம் சமையல் பெட்டி, அதற்கடியில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் நெருக்கும் விசையிலேயே தானாகப் பிடிக்கிற ஓவர்ரன் பிரேக் அதில் இருக்கிறது.

முழுப் பாரத்தோடு கொடைக்கானல் போய்ப் பார்த்தோம். திருச்சி நான்கு வழிச்சாலையில் 75 கி.மீ. வேகத்தைத் தொட்டதும், பக்கத்தில் பெரிய லாரி கடக்கும்போதெல்லாம் ட்ரெய்லரின் வால் ஆடியது. மலை ஏறும்போது வெப்பமுள் வழக்கத்தைவிட மேலே போனது. இறங்கும்போதுதான் பயந்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போலவே இருந்தது. டம்டம் பாறை வருவதற்குள் தீய்ந்த வாடை, பிரேக் பெடல் கீழே இறங்கிவிட்டது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டோம்.

இங்கேயே இப்படியென்றால் அங்கே 5,000 மீட்டரில் என்ன ஆகும்? பெரிய டர்போ, பெரிய ரேடியேட்டர் என்று பட்டறையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

தேவகோட்டை லாரிக்காரர்

தம்பி, டர்போவையும் ரேடியேட்டரையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஏற்றத்தில் பலம் போதாவிட்டால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். கட்டை போட்டுவிட்டு யோசிக்கலாம். இறக்கத்தில் பிடி போனால் யோசிக்க நேரம் கிடையாது. அதை முதலில் பார்ப்போம்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். டம்டம் பாறையில் நிறுத்தியபோது ட்ரெய்லர் சக்கரத்தின் ஹப், அதாவது நடுக்குடம், சுட்டதா? பெடல் கல்லைப் போல இறுகியிருந்தும் வண்டி நிற்காமல் போனதா, அல்லது பஞ்சைப் போல அமுங்கியதா? இறங்கும்போது எந்தக் கியரில் வந்தீர்கள்?

அடுத்த முறை பார்க்கும்போது ஹப்பைத் தொடாதீர்கள், புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், கோணிப் போகும்.

கோட்டையூரான்

அண்ணே, வண்டியின் முன் சக்கரங்கள் பக்கத்தில் போக முடியாத அளவுக்குக் கொதித்தன. ட்ரெய்லர் சக்கரங்கள் சுடவே இல்லை. அதை நல்லது என்றுதான் நினைத்தோம். பெடல் அமுங்கியது. அரை மணி நேரம் நிறுத்திய பிறகு பழையபடி வந்துவிட்டது. பெரும்பாலும் மூன்றாம் கியர்.

தேவகோட்டை லாரிக்காரர்

பாதி விடை வந்துவிட்டது தம்பி. அத்தனை இறக்கம் இறங்கியும் ட்ரெய்லர் ஹப் சுடவில்லை என்றால் அதன் பிரேக் பிடிக்கவே இல்லை. மொத்தப் பாரத்தையும் உங்கள் முன் சக்கர டிஸ்க் இரண்டும்தான் தாங்கியிருக்கின்றன.

சோதிக்கும் முறை இதுதான். ட்ரெய்லரைக் கழற்றிச் சமதரையில் வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, மறுசக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஓர் ஆள் சக்கரத்தைக் கையால் சுற்றட்டும். இன்னோர் ஆள் ட்ரெய்லரின் கைப்பிரேக் லிவரை ஒவ்வொரு பல்லாக இழுக்கட்டும். இரண்டு மூன்று பல்லுக்குள் சக்கரம் இறுக வேண்டும். முழுதும் இழுத்தும் சுற்றினால் கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது பிரேக் டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற ஷூ எட்டவில்லை. அதன்பிறகு முன்னால் வண்டியோடு மாட்டுகிற கப்ளிங் கம்பியை உள்ளே தள்ளிப் பாருங்கள். கனமான எதிர்ப்போடு உள்ளே போய், மெதுவாகத் திரும்பி வரவேண்டும். அசையவே இல்லை என்றால் கிரீஸ் காய்ந்து துருப்பிடித்திருக்கிறது. தடையில்லாமல் போய் இடித்தால் அந்த எதிர்ப்பைக் கொடுக்கிற டாம்பர் போய்விட்டது.

கியர் விஷயம். நாங்கள் எந்தக் கியரில் ஏறினோமோ அதைவிட ஒன்று குறைத்தே இறங்குவோம். இழுவையோடு மலை இறங்க மூன்றாம் கியர் ஆகாது. இரண்டு, வளைவில் ஒன்று. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே கியரைக் குறைத்துவிட வேண்டும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், முழுதாக விடுங்கள். விடுகிற நேரத்தில்தான் அது ஆறும்.

பள்ளத்தூர் வாத்தியார்

மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன். அண்ணன் சொன்னதற்குக் கணக்கு இதோ. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை ஏறத்தாழ 1,800 மீட்டர் இறக்கம். வண்டியும் ட்ரெய்லரும் ஆட்களுமாக 2,700 கிலோ என்று வைத்தால், இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 150 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கல்யாண வீட்டு அண்டா ஒன்றை அடுப்பேற்றுகிற வெப்பம். அதில் எவ்வளவை என்ஜின் வாங்கிக்கொள்கிறது, எவ்வளவை பிரேக் வாங்குகிறது என்பதைக் கியர்தான் தீர்மானிக்கிறது.

பெடல் அமுங்கி, ஆறியதும் திரும்பி வந்தது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகியிருக்கிறது. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு 230, 155. பழைய ஆயிலை முழுதும் வெளியேற்றி டாட் 4 ஊற்றுங்கள். மேலே தொட்டியில் மட்டும் மாற்றினால் பயனில்லை, நான்கு சக்கர பிரேக்கிலும் பழைய ஆயிலையும் குழாயில் உள்ள காற்றையும் வெளியேற்றி மாற்ற வேண்டும்.

லடாக்கில் இன்னொன்று சேரும். பெடலை எளிதாக்குகிற பூஸ்டர், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் உள்ளே இருக்கும் வெற்றிடத்தையும் வைத்து வேலை செய்வது. 5,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதி. பூஸ்டரின் உச்ச உதவியும் அந்த அளவுக்குக் குறையும். பெடல் அங்கே கனமாக இருக்கும். அது பழுதல்ல, கால் இன்னும் அழுத்த வேண்டும், அவ்வளவே. அமுங்கினால்தான் ஆபத்து.

வால் ஆடுவது தனிக்கதை. அதற்குக் காரணம் பாரம் இருக்கும் இடம். வண்டியின் கொக்கி, அதாவது ஹிட்ச் மேல் இறங்கும் எடை, ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்க வேண்டும். சமையல் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஆக்சிலுக்குப் பின்னால் என்கிறீர்கள். கொக்கியில் மாட்டும் மூக்கு லேசாகிவிட்டால் வால் ஆடாமல் என்ன செய்யும்? எடை மேடையில் முழுப் பாரத்தோடு நிறுத்துங்கள். பிறகு வீட்டு எடைக் கருவி ஒன்றின் மேல் மரக்கட்டையை நிற்கவைத்து, ஹிட்ச் உயரத்தில் மூக்கை அதில் இறக்குங்கள். வண்டிக் கையேட்டில் கொக்கிக்கு ஓர் எடை வரம்பு போட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது.

ஆடத் தொடங்கினால் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் குறைந்தாலே அடங்கும்.

கோட்டையூரான்

வாத்தியார் ஐயா, லாரிக்கார அண்ணே, இருவருக்கும் மிகுந்த நன்றி. அரிசி ஆலை எடை மேடையில் ட்ரெய்லர் 740 கிலோ. மூக்கில் வெறும் 24 கிலோ! தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி ஆக்சிலுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்டினோம். இப்போது 72 கிலோ. திருச்சி சாலையில் 80 வரை போய்ப் பார்த்தேன், லாரி கடந்தாலும் அசையவில்லை.

ட்ரெய்லர் பிரேக் அண்ணன் சொன்னது போலவேதான். கைப்பிரேக்கை முழுதும் இழுத்தும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. செய்து கொடுத்த இடத்திலேயே ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யாமல் அனுப்பியிருக்கிறார்கள். பட்டறையில் முதலில் டிரம்முக்குள் ஷூவைச் சரிசெய்து, அதன்பிறகு கேபிளை இழுத்துக் கட்டினார்கள்.

தேவகோட்டை லாரிக்காரர்

அந்த வரிசைதான் சரி. ஷூவை விட்டுவிட்டுக் கேபிளை மட்டும் இழுத்தால் கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடும். புது ஷூ டிரம்மோடு படிய வேண்டும், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். ட்ரெய்லர் தனியே கழன்றால் பிரேக்கை இழுத்துவிடுகிற மெல்லிய கம்பி ஒன்று இருக்கும், அதை ஹிட்ச் உருண்டையில் சுற்றிவைக்காதீர்கள், வண்டியின் சட்டத்தில் மாட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள்.

ஆத்தங்குடி ஆச்சி

நானும் கணவரும் சிறிய ட்ரெய்லரோடு லே போய் வந்தவர்கள். தம்பிக்குப் பாதை பற்றிச் சொல்கிறேன்.

ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள், மணாலி வழியாக ஏறாதீர்கள். லா என்றால் கணவாய். ஸ்ரீநகர் பாதையில் சோஜி லா 3,528 மீட்டர், அதன்பின் கார்கில் சுமார் 2,700 மீட்டருக்கு இறங்குகிறது, பிறகு நமிகா லா, அந்தப் பாதையின் மிக உயரமான ஃபோட்டு லா 4,108 மீட்டர், கடைசியில் லே 3,500. உடம்பும் வண்டியும் படிப்படியாகப் பழகும். மணாலிப் பாதையில் அடல் சுரங்கம் 2020-இல் திறந்த பிறகு ரோஹ்தாங் கணவாய் ஏற வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கப்புறம் பாரலாச்சா லா, நகீ லா, லாச்சுங் லா, 5,328 மீட்டரில் டங்லங் லா என்று வரிசையாக நிற்கின்றன. இடையில் தங்கும் சர்ச்சுவே 4,200 மீட்டருக்கு மேல். மாமனாரை வைத்துக்கொண்டு அங்கே முதல் இரவு தங்காதீர்கள். கிளம்புமுன் அவரை மருத்துவரிடம் காட்டுங்கள். லே சேர்ந்ததும் இரண்டு நாள் எங்கும் போகாமல் ஓய்வெடுங்கள்.

மணாலிப் பாதையில் கட்டா லூப்ஸ் என்று 21 கொண்டை ஊசி வளைவுகள். ட்ரெய்லர் எப்போதும் வளைவின் உள்பக்கத்தை வெட்டும், அதனால் வெளிப்பக்கம் அகலமாகப் போய்த் திரும்ப வேண்டும். எதிரே ராணுவ லாரி வரிசை வந்தால் அகலமான இடத்தில் முன்னாலேயே ஒதுங்குங்கள். ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும், இருந்தாலும் யார் பின்னோக்கி எடுப்பது என்று வந்தால் ட்ரெய்லர்காரருக்குத்தான் சங்கடம். ஆகவே பின்னோக்கி எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் தெருக்களைப் போல நேராக, நீளமாக, ஆள் நடமாட்டம் குறைந்த இடம் வேறெங்கே கிடைக்கும்? விடியற்காலையில் போய்ப் பழகுங்கள்.

சாலையைக் கடக்கும் ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் தண்ணீர் பெருகும். எங்கள் ட்ரெய்லர் ஓரிடத்தில் மிதந்து பக்கவாட்டில் நகர்ந்தது. இன்றைக்கும் அந்த ஓடையை நினைத்தால் நெஞ்சு படபடக்கும்.

லேயில் ட்ரெய்லரை விடுதியில் விட்டுவிட்டு, கார்துங் லாவுக்கு வண்டியில் மட்டும் போங்கள்.

செக்காலை

ஆச்சி சொன்ன கடைசி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. கார்துங் லா வழியாக லாரிகளே நூப்ரா பள்ளத்தாக்குக்குப் போகின்றன. இவ்வளவு தூரம் இழுத்துப் போனபின் நூப்ரா மணல்மேட்டில் கூடாரம் போடாமல் எதற்கு?

ஆத்தங்குடி ஆச்சி

லாரி தினமும் அங்கே ஓடுகிறது தம்பி, ஓட்டுகிறவரும் அந்த உயரத்துக்குப் பழகியவர். சமவெளியிலிருந்து வந்தவருக்கு அங்கே கயிற்றுமுடிச்சு அவிழ்ப்பதற்குள் மூச்சு வாங்கும். டயர் வெடித்தால், ஹிட்ச் மாட்டிக்கொண்டால், பனி விழுந்தால் யார் இறங்கி வேலை பார்ப்பது? பிள்ளைகளும் பெரியவரும் கூட இருக்கிறார்கள். இருவர் மட்டும் போவதாக இருந்தால் நான் தடுக்க மாட்டேன்.

கோட்டையூரான்

லேயில் விடுவதாகவே முடிவு செய்துவிட்டோம் ஆச்சி, மனைவிக்கும் அதுவே நிம்மதி.

திண்டுக்கல் சிறுமலையில் மறுபடி பார்த்தேன். இறங்கி நின்றபோது ட்ரெய்லர் ஹப்பில் கதகதப்பு இருந்தது, முன் சக்கரத்தில் வாடை இல்லை, பெடல் உறுதியாக இருந்தது. இரண்டாம் கியரிலேயே வந்தேன். ஏற்றத்தில் வெப்பமுள் மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே போகிறது.

பள்ளத்தூர் வாத்தியார்

ரேடியேட்டர் மூடியை மாற்றிப் பாருங்கள். 5,300 மீட்டரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 83 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்தால்தான் கூலன்ட் கொதிக்காமல் இருக்கும். ரப்பர் காய்ந்த மூடி நம் ஊரில் காட்டிக்கொடுக்காது, அங்கே காட்டிக்கொடுக்கும். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி, உறைபனிக்கும் அதுவே பாதுகாப்பு. காற்றின் அடர்த்தி குறைவதால் ரேடியேட்டர் ஆறுவதும் குறையும், ஆகவே ஏற்றத்தில் ஏசியை நிறுத்துங்கள், முள் ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். குறைந்த விகித நான்கு சக்கர இயக்கத்தைச் சரளை, சேறு, பனியில் மட்டும் போடுங்கள். காய்ந்த தார்ச்சாலைக் கொண்டை ஊசியில் போட்டால் இயக்கத் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும்.

செக்காலை

ட்ரெய்லருக்குப் பதிவு இருக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டம் ட்ரெய்லரையும் மோட்டார் வாகனமாகவே சொல்கிறது, 39-ஆம் பிரிவின்படி பதிவில்லாமல் சாலையில் ஓட்டக் கூடாது. பல மாநிலங்களைக் கடக்கப் போகிறீர்கள். காப்பீட்டிலும் ட்ரெய்லர் தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கோட்டையூரான்

பதிவு இருக்கிறது தம்பி. காப்பீட்டில் ட்ரெய்லர் இல்லை, நாளையே சேர்க்கச் சொல்கிறேன்.

தேவகோட்டை லாரிக்காரர்

கிளம்புமுன் ட்ரெய்லர் ஹப்பைக் கழற்றிப் பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைத்துவிடுங்கள், ஆயில் சீலும் புதிது போடுங்கள். சூடான ஹப் பனித்தண்ணீர் ஓடையில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால் ஓடைக்கு முன் சற்று ஆறவிட்டு இறங்குங்கள். பேரிங் ஒரு செட், சீல் இரண்டு கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வண்டிச் சக்கர அளவிலேயே ட்ரெய்லர் சக்கரமும் இருந்தால் ஸ்டெப்னி இரண்டுக்கும் பொது. அளவு வேறு என்றால் ட்ரெய்லருக்குத் தனி ஸ்டெப்னி கட்டாயம். கட்டை நான்கு எடுத்துக்கொள்ளுங்கள், வேப்பமரமாக இருந்தால் நல்லது.