எட்சிங்: 'அரிப்பு' வேண்டாம், 'கரைவெட்டு' எப்படி?

நண்பர்களே,

மெஷின்களின் பெயர்த்தகட்டில் எழுத்து போடும் முறைகளுக்கு நாம் தமிழ்ச் சொல் தொகுத்து வருகிறோம். அதில் எட்சிங்குக்கு, அதாவது உலோகத்தைக் கரைத்து எழுத்தைப் பள்ளமாக்குவதற்கு, 'அரிப்பு' என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது. அதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். குன்னூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன், மோட்டாரிலும் டிரையரிலும் எழுத்து அழிந்த தகட்டை மாற்றுவதும் என் வேலைதான். எங்களுக்கு அரிப்பு என்றால் துரு, தகட்டையே தின்றுவிடுவது. 'அரிப்பு தாங்கும் தகட்டில் அரிப்பு முறையில் எழுத்து வேண்டும்' என்று கொட்டேஷன் கேட்டால் கடைக்காரர் என்னதான் புரிந்துகொள்வார்?

வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எழுத்து விழவேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு, மற்றதையெல்லாம் மூடி, பித்தளையையோ எவர்சில்வரையோ ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால் திறந்த இடத்து உலோகம் கரைந்து பள்ளமாகிறது. மின்சார முறைக்குத் தொட்டிகூட வேண்டாம்: தகட்டின் மேல் ஸ்டென்சில், அதன் மேல் உப்புக் கரைசலில் நனைத்த ஃபெல்ட் சுற்றிய, மின்சாரம் கடத்தும் கட்டை, ஒரு வயர் தகட்டுக்கு, இன்னொன்று கட்டைக்கு, குறைந்த வோல்டேஜ், சில நொடி, அவ்வளவுதான். டி.சி. கொடுத்தால் பள்ளம் இறங்கும், ஏ.சி. கொடுத்தால் எழுத்து கறுக்கும். (முடிந்ததும் நன்றாகக் கழுவிவிட வேண்டும், உப்பு தங்கினால் எழுத்திலேயே துரு பிடிக்கும்.)

இரண்டு முறைக்கும் பொதுவானது கரைவது. 'அமிலவெட்டு' என்று முன்பு வந்த யோசனை உப்புக் கரைசலுக்குப் பொருந்தாது. அதனால் 'கரைவெட்டு' என்கிறேன். வெட்டு நமக்குப் புதிதில்லை, கல்வெட்டு இருக்கிறது, பாத்திரக்கடையில் இன்றும் 'பேர் வெட்டணுமா?' என்றுதான் கேட்கிறார்கள். கரைவேட்டி மாதிரி காதில் விழுகிறது என்று யாராவது சொல்லலாம், சொல்லட்டும், வொர்க்‌ஷாப்பில் வேட்டிக்கு வேலையில்லை.

அப்புறம், எல்லாவற்றுக்கும் 'பொறிப்பு' போதும் என்கிற பேச்சு. அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 'பொறித்த தகடு' என்று எழுதிக்கொடுத்து எங்களுக்கு வந்தது ஸ்கிரீன் பிரிண்ட். மலை உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், மையை வெளுக்க வைக்கும், போதாததற்கு மூடுபனி ஈரம், தேயிலைத் தூள், தினமும் வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைப்பது. எத்தனை ஆம்பியர் மோட்டார் என்பதே தகட்டில் தெரியாமல் போய்விட்டது, அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை எதை வைத்து செட் செய்வது? எழுத்து உலோகத்தின் மேல் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும். மேலே படிந்தால் அச்சு, அதோடு சரி.

லேசரில் உலோகத்தை ஆவியாக்கிப் பள்ளம் பறிப்பது ஒன்று. அதை 'லேசர் வெட்டு' என்றால் தகட்டையே துண்டாக்கும் கட்டிங்கோடு குழம்பும், 'லேசர் செதுக்கு' நல்லது. இன்னொன்றில் பள்ளமே விழாது, சூட்டில் எவர்சில்வரின் மேல்தோலில் ஆக்சைடு வளர்ந்து கறுப்பாகத் தெரியும். ஆங்கிலத்தில் அனீலிங் மார்க்கிங் என்கிற இதை 'பதனாற்றுக் குறியிடல்' என்று எந்த ஃபிட்டரும் சொல்லப்போவதில்லை. மாட்டுக்குப் போடுவதைச் சொல்லும் 'சூட்டுக்குறி' இதற்கு அப்படியே பொருந்தும். ஆனால் பிறகு பிக்கிளிங் செய்தால், அதாவது அமிலத்தில் போட்டு மேல்படலத்தை நீக்கினால், இந்தக் குறி மங்கிவிடும் என்பதை விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

அலுமினியத்தை ஆனோடைஸ் செய்தால், அதாவது கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், மேலே ஆக்சைடு படலம் வளரும். அந்தப் படலத்தின் நுண்துளைகளில் சாயம் ஊறி, வெந்நீரில் துளை மூடிக்கொள்கிறது. இது 'ஊறெழுத்து'. சாயத்துக்குப் பதில் வெள்ளி உப்பை ஊறவைத்துப் படம்போல டெவலப் செய்யும் வகையும் உண்டு, ஊட்டி இந்துநகரில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் இருந்தவர்களுக்கு அந்த வித்தை உடனே புரியும். வெயிலில் நிற்கும் போர்டுக்கு நான் கேட்பது இதைத்தான், சாயம் வெளுக்கும், வெள்ளி நிற்கும். 'வெள்ளி ஊறெழுத்து' என்று தனியாகவே பதியலாம்.

எனக்கு முடிவு தெரியாத இடம் குத்துவதில் இருக்கிறது. எழுத்து அச்சைச் சுத்தியலால் அடிப்பதும், கார்பைடு ஊசி புள்ளி புள்ளியாகக் குத்துவதும் வேறு வேறு. 'அடியெழுத்து', 'புள்ளிக்குத்து' என்று வைத்திருக்கிறேன். கோவைப் பக்கம் பட்டறையில் இருக்கும் அண்ணன்கள் அங்கே என்ன பெயர் புழங்குகிறது என்று எழுதினால், என்னுடையதை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடலாம்.